கோட்டுக்கு இந்தப் பக்கம்

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதறேன். நானும் அத்தானும் நல்லா இருக்கோம். அவருக்கு முதுகுவலி அப்பப்போ வருது. பஸ் ஓட்டறவருக்கு அது கூடப்பிறந்த மாதிரிதானே. உன் வயித்தெரிச்சல் எப்படி இருக்கு? ஆபீஸ் கேன்டீன் சாப்பாட்டைத் தலைமுழுகினியா இல்லையா?

இங்கே எல்லார் முகத்திலயும் ஒரே சிரிப்பு. தபால் இலாகாவிலேருந்து ரெண்டு பேர் வந்தாங்க. புறநகர் முழுக்க வீட்டுக்கு வீடு புது அஞ்சல் எண் வருதாம், அதோட நாமளும் நகரத்துக்குள்ள சேர்ந்துடுவோமாம். ஒருத்தர் கோடு போடணும்ங்கறார், இன்னொருத்தர் கோடு நம்பர் தரணும்ங்கறார். எந்தக் கோட்டைச் சொல்றாங்கன்னு புரியாமலே எல்லாரும் தலையாட்டி வெச்சோம். பக்கத்து வீட்டு வெல்டர் அன்னிக்கே தெருமுனைக்கு ஒரு இரும்புப் பலகை அடிச்சுட்டார். எண் எழுதற இடத்தை மட்டும் காலியா விட்டிருக்கார்.

யாராவது முகவரி கேட்டா, "பஸ் கடைசியா நிக்கற இடத்துல இறங்குங்க, ஆத்துப்பக்கம் இறங்கற தெரு, மூலை வீடு"ன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. இனிமே ஒரு எண்ணைச் சொன்னாப் போதும். நான் தைக்கற பள்ளிக்கூடச் சீருடைக்கும் ஆர்டர் கூடும். மாடியில ஒரு அறை எடுக்கலாம்னு அத்தான் கணக்குப் போடறார்.

நீ இருக்கறதே எல்லை வரையற ஆபீஸ். எங்க எண் என்னன்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமே, சொல்லேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வயிறு பரவாயில்லை. வண்டியை விட்டு இறங்கியதும் கொஞ்சம் நடக்கும்படி அத்தானிடம் சொல்.

எண் இன்னும் முடிவாகவில்லை. பெரிய வரைபடம் இப்போதுதான் எங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. உங்கள் பக்கம் வரைக்கும் நான் இன்னும் வரவில்லை.

மாடி அறையை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை, செங்கல் விலை இறங்கும் என்கிறார்கள். உங்கள் வாசலுக்கு எதிரே பெரிய சாலையை மேடாக்கும் வேலை ஆரம்பித்துவிட்டதா? மண் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்த்து எழுது. போன மழைக்கு ஆற்றுத் தண்ணீர் உங்கள் தெருவில் எந்த வீடு வரைக்கும் வந்தது? நினைவிருந்தால் அதையும் எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அலுவலக விஷயம் எதையும் நான் சொன்னதாக அங்கே யாரிடமும் பேச வேண்டாம்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 22

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. சுகம் விசாரிக்கறதைவிட ஆத்தையும் மண்ணையும்தான் அதிகமா விசாரிச்சிருந்தே. செங்கல் ஏற்கெனவே வந்து இறங்கியாச்சு. விலை இறங்கட்டும், பரவாயில்லை.

எண் வந்துடுச்சு. ஆனா சாலைக்கு அந்தப் பக்கத்துக்கு மட்டும். போன வாரம் ஒரு பெயின்டர் டப்பாவும் அச்சுத் தகடுமா வந்து, எதிர் வரிசையில ஒவ்வொரு சுவர்லயும் கறுப்பா எண்ணைப் பதிச்சுக்கிட்டே போனார். ட்யூஷன் டீச்சர் வீட்டுச் சுவரு முதல் சுவரு. நாங்க எல்லாம் வாசலைப் பெருக்கித் துடைச்சுட்டுக் காத்திருந்தோம். அவர் டப்பாவை மூடிட்டு சைக்கிள்ல ஏறிட்டார். வெல்டர் ஓடிப்போய்க் கேட்டதுக்கு, "என் காகிதத்துல சாலையோட முடிஞ்சுபோச்சு"ன்னு சொன்னாராம். அடுத்த கட்டத்துல வரும்னு நாங்களே எங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டோம்.

தெருமுனைத் தபால்பெட்டியை எடுத்து அந்தப் பக்கம் வெச்சுட்டாங்க.

சாலை என் ஜன்னல் கீழ்க்கட்டை வரைக்கும் ஏறிடுச்சு. நாள் பூரா லாரி லாரியா மண் கொட்டறாங்க. தைக்கற துணியெல்லாம் செம்மண். சரிவெல்லாம் நம்ம பக்கம்தான். அந்தப் பக்கம் மேடான இடம், அவங்க வாசல் அளவுக்கே சமமா நிரவியிருக்காங்க. போன மழைக்குத் தண்ணி வெல்டர் வீட்டுப் படி வரைக்கும் வந்துட்டு, மறுநாளே வடிஞ்சுடுச்சு. நீ கேட்டதுக்குப் பதில் எழுதிட்டேன். நான் கேட்டதுக்கு நீ எப்போ எழுதப்போறே?

அக்கா

ஜூன் 18

தம்பிக்கு,

நீ நல்லா இருப்பேன்னு நினைச்சுக்கறேன். ரெண்டு மாசமாப் பதில் இல்லை. நீ எழுதலையா, எழுதி வந்து சேரலையான்னுகூடத் தெரியலை. தபால்காரர் இப்போ சாலையைத் தாண்டறதில்லை. தாண்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களாம். எங்களுக்கு வர்றதையெல்லாம் ட்யூஷன் டீச்சர்கிட்ட குடுத்துட்டுப் போறார். அவ முதல்ல ஓடிவந்து குடுப்பா. இப்போ கேட்டுக்கு வெளியிலயே நீட்டறா. எண்ணு வந்ததிலேருந்து அந்தப் பக்கத்து மனைக்கெல்லாம் கிராக்கி. ஒருநாள் யாரோ வீடு பார்க்க வந்தவங்க என்னைக் காட்டி யாருன்னு கேட்டதுக்கு, "கீழேயிருந்து வர்றவங்க"ன்னு சொன்னா. பதினஞ்சு வருஷமா அவ ரவிக்கையைத் தைக்கறவ நான்.

பஸ் நிக்கற இடத்தையும் பின்னாடி தள்ளிட்டாங்க. அத்தான் தன் வீட்டுக்கு முன்னாடி நிறுத்தி இறங்கின பஸ்ஸை இப்போ எங்கேயோ விட்டுட்டு நடந்து வர்றார்.

போன வாரம் வெல்டரோட அப்பா குளியலறையில வழுக்கி விழுந்துட்டார். இடுப்பெலும்பு. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினா முதல் கேள்வியே எண் என்னன்னுதான். இல்லைன்னதும் வெச்சுட்டாங்க. அப்புறம் டீச்சர் வீட்டு எண்ணைச் சொன்னோம். வண்டி மேலே அவ வாசல்ல வந்து நின்னுடுச்சு, கீழே இறங்க மாட்டேன்னுட்டாங்க. பெரியவரைக் கட்டிலோட தூக்கி, அந்த மண்சரிவுல ஆறு பேர் ஏத்தினாங்க. அவர் போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு.

சாலை இப்போ என் தலைக்கு மேலே. வாசல்ல நின்னா எதிர் வீடு தெரியலை, லாரிச் சக்கரம்தான் தெரியுது. ஏற மண்ணுல படி வெட்டி வெச்சிருக்கோம்.

நேராவே கேக்கறேன். கோடு போடறப்போ எங்க தெரு உன் கண்ணுல படலையா?

அக்கா

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. பெரியவருக்கு இப்போது எப்படி இருக்கிறது?

நீ நினைப்பது மாதிரி இல்லை அக்கா. கோடு மேலிருந்து பென்சிலில் வருகிறது. நாங்கள் அதன்மேல் மை போடுகிறோம், அவ்வளவுதான். யார் எதற்குப் போட்டார்கள் என்று கேட்கிற இடத்தில் நான் இல்லை.

ஆனால் உங்கள் வீட்டுக்கு எண் வரும். மூலை வீடு என்பதால் வழி இருந்தது. என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன். இதை யாரிடமும் சொல்லாதே, அத்தானிடமும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. என் அறைக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு ஒன்று காலியாகிறது. முன்பணம் கொடுத்துவிட்டேன். தையல் மெஷின் போட ஜன்னலோரம் இடம் இருக்கிறது. மழைக்கு முன்னால் இரண்டு பேரும் வந்துவிடுங்கள். ஊர் பார்த்த மாதிரியும் இருக்கும். பிடித்தால் இருக்கலாம்.

அன்புடன்,
தம்பி

ஆகஸ்ட் 16

தம்பிக்கு,

உன் சௌகரியத்தை அப்புறம் கேக்கறேன்.

அதே பெயின்டர் வந்தார். படியில இறங்கி நேரா நம்ம வீட்டுச் சுவருக்கு வந்து தகடை வெச்சார். தெருவே கூடிடுச்சு. வெல்டரோட பொண்டாட்டி ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே, "அடுத்தது எங்களுது"ன்னு ஓடிவந்தா. அவர் பதிச்சு முடிச்சதும் டப்பாவை மூடிட்டு மேலே ஏறிட்டார். எல்லாரும் அந்த எண்ணைப் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க. அவங்கவங்க வீட்டுக்குப் போய் மெதுவாக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. சண்டை போட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

அன்னியிலேருந்து வெல்டர் பொண்டாட்டி நம்ம குழாய்ல தண்ணி பிடிக்க வர்றதில்லை. வெல்டர் அத்தான்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க மச்சான் அந்த ஆபீஸ்லதானே இருக்கார்?" அத்தான் என் முகத்தைப் பார்த்தார். நான் உள்ளே போயிட்டேன். ரெண்டு நாளா அவர் என்கிட்ட சரியாப் பேசலை.

தம்பி, ஒரு எண்ணு வந்தா தபால் வரும், பஸ் வரும், அவ்வளவுதானே? அதுக்கு ஏன் நீ இவ்வளவு ஒளிக்கறே? நீ எழுதினதெல்லாத்தையும் எடுத்து வெச்சுப் படிச்சேன். மண்ணு உயரம் கேட்டே. ஆத்துத் தண்ணி எதுவரைக்கும்னு கேட்டே. மாடி கட்டாதேன்னே. மழைக்கு முன்னாடி வாங்கறே. அந்தச் சாலை சாலைதானா, இல்லை கரையா?

ஆமாம், இல்லைன்னு ஒரு வார்த்தை எழுது. அது போதும்.

அக்கா

செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அத்தானின் முதுகுக்கு இங்கே நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறார்.

இதோடு இரண்டு ரயில் டிக்கெட் வைத்திருக்கிறேன். அத்தான் விடுப்புக்கு எழுதிக் கொடுக்கட்டும். வீட்டுப் பத்திரம், துணிமணி, மெஷினின் தலைப்பாகம், இவை போதும். கட்டில் பீரோவையெல்லாம் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். பூட்டிவிட்டு வந்துவிடுங்கள். பூட்டாமல் வந்தாலும் பரவாயில்லை.

மற்றதை நேரில் பேசலாம். இங்கே கடிதங்களைச் சில சமயம் பிரிக்கிறார்கள்.

தம்பி

செப்டம்பர் 19

தம்பிக்கு,

பூட்டாமல் வந்தாலும் பரவாயில்லைன்னு எழுதியிருந்தே. ஆமாங்கற வார்த்தையை அதுல படிச்சுக்கிட்டேன்.

டிக்கெட்டைத் திருப்பி அனுப்பறேன். அத்தான்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரெண்டு பேருமா வெல்டர் வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். அப்புறம் வீடு வீடாச் சொன்னோம். நீ சொன்னதா இல்லை. எனக்குத் தோணினதா. பாதிப் பேர் நம்பலை. நகரத்துல சேர்க்கலைங்கறதுக்காக ஆத்தையா திறந்து விடுவாங்கன்னு கேட்டாங்க. நம்பினவங்க எங்கே போறதுன்னு கேட்டாங்க.

பத்து பேர் சேர்ந்து நகராட்சிக்குப் போனோம். ஜன்னல்ல இருந்தவர் தலையைத் தூக்காமலே எண் கேட்டார். வெல்டர், "எண் இல்லைங்க, அதுக்காகத்தான் வந்தோம்"னார். "எண் இல்லாத இடத்துக்கு மனு வாங்கறதில்லை." அவ்வளவுதான். என்னை மட்டும் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். என் எண்ணு சரியா இருக்காம்.

நான் உட்காரலை.

நீ கண்ணை மூடிக்கிட்டு இருக்கலை, அது தெரியுது. ராத்தூக்கம் இல்லாமத்தான் இருப்பே. ஆனா உன் பக்கத்து அறையில மெஷினைப் போட்டுக்கிட்டு, இங்கே என்ன ஆச்சுன்னு பேப்பர்ல பார்த்துத் தெரிஞ்சுக்க என்னால முடியாது. தேதி தெரிஞ்சா எழுது. அதையாவது எழுது.

அக்கா

அக்டோபர் 21

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. மேலே அணை நிரம்பிவிட்டது. நகரத்தைக் காப்பாற்ற உங்கள் பக்கம் திறக்கப் போகிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை, மாலைக்குள். சாலைதான் கரை. கரைக்குக் கிழக்கே, உங்கள் பக்கம், யாரும் குடியில்லை என்று காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதத்துக்காகத்தான் கோடு. எல்லோரிடமும் சொல். நான் சொன்னதாகவே சொல்.

தம்பி

நவம்பர் 12

தம்பிக்கு,

நானும் அத்தானும் உயிரோட இருக்கோம். பள்ளிக்கூடக் கட்டடத்துல தங்கியிருக்கோம். உன் அக்டோபர் கடிதம் நேத்துதான் கைக்கு வந்தது. எங்கெங்கேயோ சுத்தியிருக்கு, மேலெல்லாம் முத்திரை. நீ முதல்முதலா வாயைத் திறந்து எழுதினது எல்லாத்துக்கும் கடைசியா வந்து சேர்ந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில தபால்காரர் படியில இறங்கி வந்தார். எண் வந்த பிறகும் எட்டிப் பார்க்காதவர், எத்தனையோ மாசம் கழிச்சு. நேரா நம்ம வீட்டுக்கு. ஒரு நோட்டீஸை நீட்டிட்டு யார் முகத்தையும் பார்க்காம ஏறிட்டார். எண் உள்ள வீட்டுக்காரர்கள் இன்று மாலைக்குள் வெளியேறவும்னு இருந்தது. தெருவுல எண் உள்ள வீடு ஒண்ணே ஒண்ணுதான்.

அதைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தெரு பூரா ஓடினேன். செப்டம்பர்ல நம்பாதவங்க அரசாங்க முத்திரையைப் பார்த்ததும் நம்பினாங்க. அத்தான் அன்னிக்கு டூட்டியில இருந்தார். வெல்டர் சைக்கிள்ல போய்ச் சொன்னதும், பயணிகளை இறக்கிவிட்டுட்டு பஸ்ஸை நேரா நம்ம மூலைக்குக் கொண்டுவந்து நிறுத்திட்டார். அதுக்காக இப்போ அவரைச் சஸ்பெண்ட் பண்ணியிருக்காங்க. குழந்தைங்களை முதல் நடையில ஏத்தினோம்.

இடையில நான் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன், கொஞ்சம் பேரை அங்கே உட்கார வெக்கலாம்னு. அவ ஜன்னல் கம்பிக்குப் பின்னாடி நின்னா. "எங்களுக்கு நேத்தே நோட்டீஸ் வந்துடுச்சு. சாலையைத் தாண்டக் கூடாது, உள்ளேயே இருக்கணும்னு போட்டிருக்கு"ன்னு சொன்னா. நேத்தே தெரியும் அவளுக்கு. அவளும் அதைச் சொல்லிட்டுத்தான் உணர்ந்தா போல, முகம் வெளுத்துடுச்சு. கேட்டைத் திறந்து விட்டுட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. அவங்க வாசல்ல நாப்பது பேர் உட்கார்ந்தாங்க. அதுவும் பெரிசுதான்.

தண்ணி சத்தம் போட்டுக்கிட்டு வரும்னு நினைச்சிருந்தேன். பூனை மாதிரி வந்தது. முதல்ல தெருக்கடைசியில ஒரு பளபளப்பு. அப்புறம் கோழிங்க கூரைக்குப் பறந்துச்சு. வெல்டர் கடைசியாத் தன் அப்பாவைக் கொண்டுவர இறங்கினார். ஜூன்லேருந்து எழுந்திருக்காத மனுஷன். பெல்ட்டால முதுகோட சேர்த்துக் கட்டிக்கிட்டு வாசலுக்கு வந்துட்டார், நான் பார்த்தேன். மண்ணுல நாங்க வெட்டின படி அதுக்குள்ள கரைஞ்சு போச்சு. ரெண்டு தடவை ஏறினார், ரெண்டு தடவையும் சறுக்கினார். அத்தான் பக்கத்துல நின்ன ஒருத்தரோட வேட்டியை வாங்கி வீசினார், எட்டலை. பெரியவர், "என்னை அவிழ்த்து விடுடா"ன்னு சொன்னது எல்லாருக்கும் கேட்டது. அவர் அவிழ்க்கலை. அவர் பொண்டாட்டி கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. அதுக்கு அப்புறம் அங்கே கூப்பிட ஒண்ணும் இல்லை.

மறுநாள் ரேடியோவுல நகரம் காப்பாத்தப்பட்டது, உயிர்ச்சேதம் இல்லைன்னு சொன்னாங்க. வெல்டர் பொண்டாட்டி அதைக் கேட்டுட்டு என்னைப் பார்த்தா. பெயின்டர் வந்த அன்னிக்குப் பார்த்த மாதிரியே.

போன வாரம் கணக்கெடுக்க ஒரு அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்தார். வீடு போனவங்களுக்குக் குடும்பத்துக்கு ஒரு மாற்று மனை தர்றாங்களாம். வரிசையில நின்னவங்களையெல்லாம் எண் இல்லைன்னு திருப்பிட்டார். என் முறை வந்தது. எண்ணைச் சொன்னேன். முகம் மலர்ந்து உட்காரச் சொன்னார். இந்தத் தடவை உட்கார்ந்தேன்.

"வீட்டில் எத்தனை குடும்பம்?"

"இருபத்தாறு."

"ஒரே வீட்டிலா?"

"பெரிய வீடு சார். வேணும்னா போய் அளந்து பாருங்க."

அவர் தண்ணியைப் பார்த்தார். தண்ணி இன்னும் வடியலை. அப்புறம் பேனாவை எடுத்தார். நம்ம தெருவுல இருந்த ஒவ்வொரு குடும்பத்தோட பேரையும் சொன்னேன். கடைசியில, இறந்தவங்க உண்டான்னு கேட்டார். ரெண்டு பேருன்னேன். என் வீட்டு எண்ணுல அவங்க ரெண்டு பேரும் இறந்ததா எழுதியாச்சு. அந்த ஊர்ல அது ஒண்ணாவது காகிதத்துல இருக்கட்டும்.

அந்த ஃபைல் உன் ஆபீஸுக்குத்தான் வரும், உன் மேசையைத் தாண்டித்தான் போகணும்னு அவரே சொன்னார். எல்லையில இருக்கற எண்ணை நீங்க சரிபார்க்கணுமாமே.

நீ எனக்காகக் கோட்டை வளைச்சே. வளைக்க முடியும்னு அப்போதான் எனக்குத் தெரிஞ்சது. அதைப் பத்தி இப்போ பேச வரலை. ஃபைல் வரும்போது பார்.

அக்கா

டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானையும் உன்னையும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வெல்டர் வீட்டம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியாததால் கிளம்பாமல் இருக்கிறேன்.

ஃபைல் திங்கட்கிழமை வந்தது. மேலதிகாரி பார்ப்பதற்கு முன்னால் சரிபார்த்ததாக எழுதி, முத்திரை போட்டு, மனை ஒதுக்கும் பிரிவுக்கு நானே கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அங்கே பதிவாகிவிட்டது. இருபத்தாறும். பதிவானதை அடிக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுத வேண்டுமானால் அந்தத் தெரு இருந்ததென்று எழுத வேண்டும். அதை எழுத இங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இன்று காலையில் கூப்பிட்டார்கள். மேலதிகாரியோடு நான் இதுவரைக்கும் பார்க்காத இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் வரைபடம். மூலையில் கோடு வளைந்திருக்கும் இடத்தில் ஒருவர் விரலை வைத்துக்கொண்டு, "இந்த வீடு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"என் அக்கா வீடு" என்றேன்.

"இருபத்தாறு குடும்பமும் அங்கேதான் இருந்ததா?"

"இருந்தாங்க" என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். என் மேசைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்க்காமல் கடந்து போகிறார்கள். பியூன் மட்டும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கடிதத்தைச் சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் தானே தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா. கதவு திறக்கிறது.

தம்பி